தத்துவத்துக்குக் கேஜ் பிடித்த கதை

புதுவாயல் கூட்டுரோட்டில் முதன்முதலில் வெல்டிங் பட்டறை போட்டவன் நான். எனக்கு முன்னால் அங்கே இருந்தவை ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், அந்தப் புளியமரத்தடியில் துண்டு விரித்துப் படுத்திருந்த லாரி டிரைவர்கள். கரண்டு கொடுக்க முடியாது என்றார்கள். ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாங்கினேன். இடம் கொடுக்க மாட்டேன் என்று விரட்டியவன், பின்னால் தன் வீட்டுக் கேட்டை ஒட்டித்தரச் சொல்லி என்னிடமே வந்து நின்றான். கல்கத்தா ரோட்டில் ஓடிய லாரிகளில் பாதிக்கு நான்தான் பாடி கட்டினேன். (மீதிப் பாதி வழியிலே உடைந்து நின்றவை.) கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியபோது முதல் ஷெட்டுகளுக்குத் தூண் நிறுத்தியதும் இந்தக் கைதான். என் அப்பா அடுத்தவன் வயலில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். என் படிப்பு மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாக முடித்தேன் என்று நான் யாரிடமும் சத்தியம் செய்ததில்லை.

இப்படிப்பட்டவனைப் பார்த்து ஒரு சாயங்காலம் ஊரே கூடிச் சிரிக்க வைத்தது எது தெரியுமா? போலீசில்லை, கடனில்லை, கரண்டு ஆபீஸ்கூட இல்லை. ‘ஆன்மிகத்துக்குப் புதியவர்கள் முதலில் எந்தப் புத்தகம் படிக்க வேண்டும்?’ என்கிற கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை போய்விட்டது. இப்போது செல்போனிலேயே வரிசை போட்டுச் சொல்கிறார்கள்: முதலில் இதைப் படி, பிறகு அதைப் படி. இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டாதவன்தான் முதல் புத்தகம் எது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லுவான். தாண்டியவன் குழம்பிப்போய் மூலையில் உட்கார்ந்திருப்பான். நானும் அந்தக் காலத்தில் மிகத் தெளிவாகத்தான் சொன்னேன்.

எழுபதுகளின் தொடக்கம். பட்டறை சூடு பிடித்துவிட்டது, எனக்குத்தான் பெண் கிடைக்கவில்லை. ‘ஆள் மேல வெல்டிங் கார்பைடு நாத்தம் அடிக்குது’ என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். ‘கண்ணு எப்பவும் செவப்பா கீதே, தண்ணி போடுவாரோ?’ என்று இன்னொரு வீட்டில் கேட்டார்கள். (வெல்டிங் வெளிச்சம் பட்டால் உங்கள் கண் மட்டும் தாமரையாகவா மலரும்?) கடைசியில் கல்யாணத் தரகர் முனிரத்தினம் ஒரு நாள் பட்டறைக்கு வந்தார். எளாவூர்க்காரர். செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவிலும் இந்தப் பக்கத்திலும் சமமாகப் பொய் சொல்லிப் பழகியவர்.

வந்தவர் கண்ணில் என் பட்டறை மூலையில் கிடந்த புத்தகக் குவியல் பட்டது. யாரோ ஒரு பெரியவர் காலமாகி, அவர் பிள்ளைகள் மொத்தமாகப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்ட புத்தகங்கள். எல்லாம் சமயம், வேதாந்தம், சித்தாந்தம். நான் அவற்றை வாங்கியது உலை பற்றவைக்க. கோணலாக நிற்கும் கேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுக்கவும் தோதாக இருந்தன.

“நைனா, இதெல்லாம் நீயா படிக்கிற?”

“பொழுது போவணும்ல,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மீதியை அவர் சொல்லிக்கொண்டார்.

அவர் போய்ச் சொன்ன இடம் திருப்பாச்சூர். புலவர் ஏகாம்பரம் வீடு. புலவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர்; ‘படிக்கிறவனுக்குத்தான் என் பெண்’ என்று வந்த வரனையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். பெண் பெயர் மரகதம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பெண் பார்க்கப் போன அன்று, நான் உட்கார்ந்த இரும்பு நாற்காலி ஆடியது. என்னையும் அறியாமல் குனிந்து அதன் காலைத் தடவி, “வெல்டிங் ஒட்டு சரியில்லை, தட்டினா உதிர்ந்துடும்” என்று சொல்லிவிட்டேன். காபி கொண்டுவந்த மரகதம் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு என் கதை முடிந்தது. கட்டினால் இந்தப் பெண்தான், இல்லையென்றால் கடைசி வரை பட்டறைதான் என்று அங்கேயே தீர்மானித்தேன். புலவருக்கு நாற்காலியும் கண்ணில் படவில்லை, சிரிப்பும் காதில் விழவில்லை.

“தத்துவ நூல்கள் பயில்வதாகத் தரகர் சொன்னார். எதிலிருந்து தொடங்கினீர்கள்?” என்றார்.

என் மனக்கண்ணில் பட்டறைக் குவியல் வந்தது. பெரியவை அடியில், சின்னவை மேலே. புத்தி உள்ள எவனும் அப்படித்தானே அடுக்குவான்? “சின்னதுல ஆரம்பிச்சிப் பெரிசுக்குப் போனேனுங்க,” என்றேன்.

புலவர் கண்ணை மூடிக்கொண்டார். “ஆகா! அணுவில் தொடங்கி அண்டம்!” என்றார். எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது என்பது பின்னாளில் தெரிந்துகொண்ட விஷயம். விளங்காததைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வது அந்த மனுஷனின் வழக்கம்.

கண்ணைத் திறந்ததும் வினை ஆரம்பித்தது. திருப்பாச்சூரில் அவர் ஒரு வாசகசாலை திறக்கப் போகிறாராம். கம்பெனி வேலைக்குப் போகிற வாலிபர்கள் சாயங்காலம் டென்ட் கொட்டகைக்குச் சினிமா பார்க்கப் போகாமல் ஆன்மிகம் படிக்க வேண்டுமாம். அதற்கு நான் ஒரு இரும்பு ரேக் செய்து கொடுத்து, புத்தகங்களையும் கொடுத்து, ‘முதலில் எதைப் படிப்பது?’ என்று நாலு வார்த்தை பேச வேண்டுமாம். பேசி முடித்த கையோடு தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம்.

ரேக் என்றதும் எனக்குச் சிங்கத்துக்குப் பிடரி சிலிர்த்த மாதிரி இருந்தது. பேச்சு என்றதும் அதே பிடரி படுத்துவிட்டது.

சும்மா இருக்காமல், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டுவைப்போம் என்று போனேன். பொன்னேரியில் ஒரு வக்கீல் குமாஸ்தா. பெரிய ஆன்மிகவாதி என்று பெயர். “முதல்ல சமஸ்கிருதம் கத்துக்கோ” என்றார். பஜனைக் கோஷ்டி நடத்தும் ஒருவரைக் கேட்டேன். “முதல்ல கறி மீனை வுடு” என்றார். காவி கட்டிய ஒருவர் செக்போஸ்ட்டில் லாரிக்குக் காத்திருந்தார், அவரைக் கேட்டேன். “முதல்ல குருவைத் தேடு” என்று சொல்லிவிட்டு, நெல்லூர் போகிற லாரியில் ஏறிப் போய்விட்டார். எந்தப் புத்தகம் என்று ஒருவனும் சொல்லவில்லை. படித்தவர்களுடைய யோக்கியதை இதுதான். பசி என்று போனால் முதலில் இலை தைக்கக் கற்றுக்கொள் என்பார்கள்.

சரி, இவர்களை நம்பிப் பயனில்லை, நம்ம தொழில் நமக்கு என்று முடிவு செய்தேன். பட்டறையில் தகட்டின் தடிமன் பார்க்க ஒரு கேஜ் உண்டு. உள்ளங்கை அகல வட்டத் தகடு. ஓரம் முழுக்க பெரிசும் சிறிசுமாகப் பிளவு வெட்டியிருக்கும். தகட்டின் விளிம்பு எந்தப் பிளவில் நுழைகிறதோ அதுதான் அதன் தடிமன். அந்தக் கேஜை எடுத்துவந்து புத்தகங்கள் முன்னால் உட்கார்ந்தேன்.

என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியம் வந்து எட்டிப் பார்த்தான். கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்றவன். ஆனால் வாய்க்குப் பூட்டே கிடையாது.

“இன்னாண்ணே, புக்குக்குக் கேஜ் புடிச்சிக்கினு கீற?”

“தகடுன்னா இன்னா, புக்குன்னா இன்னாடா? தடிமன் தடிமன்தான்.”

“கடவுளு எத்தினி கேஜில வர்றாரு?”

“வாய மூடிக்கினு பெயின்டு கலக்கு.”

கேஜ் பிளவில் நுழைந்த மெல்லிசுப் புத்தகமெல்லாம், செய்துவைத்திருந்த ரேக்கின் மேல் தட்டு. அதில் பச்சைப் பெயின்டில் ‘தொடக்கம்’ என்று எழுதினேன். ஒரு விரல் தடிமன் இருந்தவை நடுத்தட்டு. ஆளை அடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற தடிப் புத்தகங்கள் கீழ்த்தட்டு. அதற்குச் சிவப்பில் ‘முடிவு’. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் பிரமிப்பு வந்தது. இத்தனை நூற்றாண்டாக ஞானிகள் குழம்பிக்கொண்டிருந்த விஷயத்தை நாஷ்டா நேரத்துக்குள் முடித்துவிட்டேனே!

ஒரு மெல்லிசுப் புத்தகத்தைத் திறந்தும் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. எழுத்துக் கூட்டி ஒரு வரி படித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ‘இது ஆரம்பம்தானே, அர்த்தமெல்லாம் தடிப் புத்தகத்தில் வரும்’ என்று மூடி வைத்துவிட்டேன். மடையனுக்கு மனநிம்மதி சீக்கிரம் கிடைக்கும்.

திறப்பு விழா அன்று லாரியில் ரேக்கை ஏற்றிக்கொண்டு, பெரியபாளையம் வழியாகத் திருப்பாச்சூர் போய்ச் சேர்ந்தோம். வாசகசாலை வாசலில் முதல் பேஜாரு. என் ரேக் நிலைப்படியில் நுழையவில்லை. (அகலம் கேட்டுக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிசாகச் செய்கிறோமோ அவ்வளவு மதிப்பு என்று நினைத்தேன்.) புலவர் நிலையைப் பெயர்க்கச் சொன்னார். பெயர்த்து, ரேக்கை உள்ளே தள்ளி, நிலையைத் திரும்பப் பூசி முடிப்பதற்குள் தெருவெல்லாம் கூடிவிட்டது. கூட்டம் உள்ளே கொள்ளாமல், முன்வாசலில் பெஞ்சு போட்டார்கள். ஒரு பக்கம் வாலிபர்கள், இன்னொரு பக்கம் பெண்கள். பெண்கள் வரிசையில் மரகதம். அவள் அம்மா மடியில் வெற்றிலை பாக்குத் தட்டு.

எழுந்து நின்றேன். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

“தத்துவம்னா பயப்படறதுக்கு ஒன்னும் இல்லீங்க. பெரிய பெரிய படிப்பாளிங்க சும்மா பயம் காட்டுவாங்க. நான் சொல்றேன், மெல்லிசா எடு! மெல்லிசுல கைய வை, தடிசுல காலை வை!”

காலை வை என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. உள்ளே போய் மேல்தட்டுப் புத்தகங்களை அள்ளிவந்து வாலிபர்களுக்கு வீசாத குறையாகக் கொடுத்தேன். புலவர் பூரித்துப்போய், “தம்பி, யாராவது ஒருவர் முதல் வரியை உரக்கப் படியுங்கள்!” என்றார்.

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு வாலிபன் எழுந்தான். படித்தான்: “இருப்பது இல்லாததால் அறியப்படும். இல்லாதது எதனால்?”

எங்கோ ஒரு கோழி கூவியது.

“இன்னா சார் அர்த்தம்?” என்றான் அவன்.

நான் புலவரைப் பார்த்தேன். புலவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, “நம் பேச்சாளரே விளக்குவார்” என்றார். மாமனார் என்று நினைத்திருந்தேன், கழுத்தை அறுத்துவிட்டார்.

“அடுத்த வரியப் படிப்பா, தானா புரியும்,” என்றேன்.

“அதுவும் அதனால்,” என்று படித்தான்.

“அதுக்கடுத்தது?”

“அத்தோட பக்கம் காலி சார்.”

பெண்கள் பக்கம் யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். இன்னொரு வாலிபன் எழுந்து, “என்னுது இதைவிட மெல்லிசு சார். வெறும் ஒரு வட்டம் போட்டு கீழ ‘உணர்க’ன்னு கீது. இன்னாத்த உணர்றது?” என்றான்.

அப்போதே, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி உட்கார்ந்திருந்தால் ஊர் மறந்திருக்கும். நான் உட்காரவில்லை. விளக்கினேன்.

“இருப்பதுன்னா லோடு. இல்லாததுன்னா காலி லாரி. இப்ப எளாவூர் செக்போஸ்ட்ல லோடு லாரி போனா நிறுத்தி வச்சி நோண்டுவான். காலி லாரிய யாரு கேக்கறாங்க? போய்க்கினே இருக்கலாம். அதான் தத்துவம்!”

“அப்ப மோட்சம்னா ஆந்திராவா சார்?” என்று பின்னால் இருந்து ஒருத்தன் கேட்டான்.

முன்வாசல் குலுங்கியது. ஆரோக்கியம் உள்ளே ரேக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்த சிரிப்பில் ரேக்கே அதிர்ந்தது. மரகதத்தின் அம்மா வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். என் கல்யாணம் என் கண் முன்னால் நகர்ந்துபோனது.

அப்போதுதான் மரகதம் எழுந்தாள். பொம்பளைப் பிள்ளை சபையில் எழுந்தது புலவருக்கே திடுக்கென்றது.

“ஒன்னு கேக்கலாங்களா? உங்க பட்டறையில புதுசா ஒரு ஆளு வேலைக்கு வந்தா, முதல்ல அவர் கையில மெல்லிசுத் தகட்டத்தான் குடுப்பீங்களா?”

“மெல்லிசா?” என்றேன். அந்த நிமிஷம் நான் எங்கே நிற்கிறேன், எதற்கு வந்திருக்கிறேன் எல்லாம் மறந்துவிட்டது. “மெல்லிசக் குடுத்தா அவ்ளோதாம்மா! புது ஆளு கைய வச்சா பட்டுன்னு ஓட்டை வுழுந்துடும். தடித் தகடுதான் தப்பத் தாங்கும், எத்தினி வாட்டி வேணா ஒட்டிப் பழகலாம். மெல்லிசுத் தகடு கடைசில. வருஷக்கணக்கா கை பழகினவனுக்குத்தான் அது அடங்கும்…”

சொல்லச் சொல்லவே என் காதில் என் குரல் விழுந்தது. நிறுத்தினேன். பச்சைப் பெயின்டில் நான் எழுதிய ‘தொடக்கம்’ உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, நீயே உன்ன வெட்டிக்கினியே!” என்று ஆரோக்கியம் கத்தினான்.

கடவுளைப் பற்றி எவ்வளவு பொய் வேண்டுமானாலும் எனக்கு வாயில் வந்தது. தகட்டைப் பற்றி ஒரு பொய் வரவில்லை.

புலவர் இப்போது கண்ணைத் திறந்தார். “நீங்கள் உண்மையில் படித்தது என்ன?” என்றார்.

“மூணாங்கிளாசு,” என்றேன்.

தரகர் முனிரத்தினத்தைத் தேடினார்கள். சுவரேறிக் குதித்துப் போய்விட்டிருந்தார். வெற்றிலைத் தட்டு வீட்டுக்குள் போய்விட்டது. வாலிபர்கள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டென்ட் கொட்டகைக்கு நேரமாகிறது என்று ஓடினார்கள். நானும் ஆரோக்கியமும் காலி லாரியில் திரும்பினோம். வழிநெடுக அவன், “அண்ணே, காலி லாரி. நாம இப்ப மோட்சத்துலதான கீறோம்?” என்று கேட்டுக்கொண்டே வந்தான். இறக்கிவிட்டுப் போயிருப்பேன், வண்டியை ஓட்டியது அவன்.

ஆனால் ரேக் அங்கேயே இருந்தது. திருப்பி அனுப்ப வேண்டுமானால் மறுபடி நிலையைப் பெயர்க்க வேண்டும். புலவரோ சுண்ணாம்புக்குக்கூடக் கணக்குப் பார்க்கிறவர். சம்பந்தம் முறிந்த வீட்டின் சாமான் வாசகசாலையை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு ஆள் அனுப்பினார். சம்பந்தம் பேச இல்லையாம், தட்டில் எழுதியதை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமாம். ‘தொடக்கம்’ கீழே, ‘முடிவு’ மேலே.

போனேன். ரோஷத்தோடுதான் போனேன். பெயின்டு அடித்துக்கொண்டிருந்தபோது, மரகதம் கீழ்த்தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுத்து என் பக்கத்தில் வைத்தாள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். ஒரு ராஜா, ஒரு வேடன், ஒரு கிளி என்று முழுக்கக் கதையாக இருந்தது. ஒரே விஷயத்தை ஏழெட்டு விதமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தான் அதை எழுதியவன். எனக்குப் புரிந்தது! மூன்றாம் வகுப்புக்காரனுக்குப் புரிகிற தத்துவம் அந்தக் கனத்துக்குள் இருந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் முட்டுக் கொடுக்க வைத்திருந்தேனே!

“அன்னிக்கி என்ன மாட்டி வுடத்தான கேட்ட?” என்றேன்.

“காப்பாத்தத்தான் கேட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சதப் பேசினாலாவது மானம் மிஞ்சுமேன்னு,” என்றாள். “அப்பாகிட்ட சொல்லிட்டேன். தகட்டப் பத்திப் பொய் சொல்லத் தெரியாத ஆளு, என்கிட்டயும் சொல்ல மாட்டாருன்னு.”

கல்யாணம் நடந்தது. மாட்டிவிட்டாளா, காப்பாற்றினாளா என்று எங்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை. வீட்டில் எந்தப் பிள்ளையாவது புதுப் புத்தகம் வாங்கிவந்தால், “தாத்தாகிட்ட காட்டு, எத்தனை கேஜுன்னு சொல்லுவார்” என்று மொத்தக் குடும்பமும் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு என் மாமனார் புலவர் ஏகாம்பரம் திருவள்ளூர் வட்டாரத்தில் ஏறாத மேடை இல்லை. ஏறின மேடையிலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, “அன்பர்களே, ஆன்மிகத்துக்குப் புதியவர்கள் தடித்த நூலில் தொடங்க வேண்டும். தடித்த நூல் தவறைத் தாங்கும். மெல்லிய நூல் பழகிய கைக்கே அடங்கும்” என்று பேசினார். சால்வையாக வாங்கிக் குவித்தார். ‘பயிற்சி முறை கண்ட பெரும்புலவர்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். வெல்டிங் என்றால் என்ன என்று தெரியாத மனுஷன்! ஒரு மேடையிலாவது, ஒரு வார்த்தையாவது, ‘பட்டறைக்கார மருமகன் சொன்னது’ என்று சொன்னாரா? செத்துப்போன மனுஷனைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஏன் கூடாது? உயிரோடு இருந்தபோதும் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாசகசாலையைப் போன வருஷம் புதுப்பித்துக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். ‘நூல்களை இம்முறையில் அடுக்கிப் பயிற்றுவித்தவர் புலவர் ஏகாம்பரம்’ என்று தங்க எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் ரத்தம் கொதித்தது. வாசகசாலை நிர்வாகிகளுக்கு இதன்மூலம் சொல்லிக்கொள்கிறேன்: அந்தக் கல்லில் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, நானே அளந்து பார்த்தேன். ‘இதைக் கண்டுபிடித்தவர் புதுவாயல் வெல்டிங் பட்டறைக்காரர், ஊர் சிரிக்க நின்று கண்டுபிடித்தார்’ என்று வெட்டி வையுங்கள். சிரித்ததையும் சேர்த்தே வெட்டுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் பங்கு அதில் வந்தாக வேண்டும்.